செவி காட்டும் வழி: பார்வையற்றோரும் கணிப்பொறித் தொழிலும்

தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாகக் கொச்சி நகருக்கு வந்து, கலூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பார்வையில் ஒரு குறையும் இல்லை. ஆயினும், பேருந்துகளின் நெற்றியில் எழுதியிருக்கும் மலையாள எழுத்துக்கள் அவருக்கு விளங்குவதில்லை. "ஆலுவா, ஆலுவா" என்றும், "காக்கநாடு" என்றும் கண்டக்டர் கூவுகின்ற குரலே அவருக்கு வழிகாட்டி. 2017ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய கொச்சி மெட்ரோ ரயிலில் ஏறினாலோ, அடுத்து வரும் நிலையம் கலூர் என்பதைப் பெட்டிக்குள் ஒலிக்கும் அறிவிப்பே சொல்லிவிடுகிறது. எழுத்து ஊமையாகிவிட்ட இடத்தில் செவி துணைக்கு வருகிறது. பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களுக்குச் சென்ற தமிழர் பலருக்கும் இந்த அனுபவம் புதியதன்று.

எழுத்துத் தெரியாத இடர்ப்பாடு சில மாதங்களில் தீர்ந்துவிடும். பார்வையின்மை அப்படிப்பட்டதன்று. எனினும் இந்த அனுபவத்திலிருந்து ஓர் உண்மையை நாம் அறிந்துகொள்ளலாம். வழி தெரியாமல் நிற்பவருடைய குறைபாட்டைவிட, வழிகாட்டும் பலகை ஒரே புலனை நம்பி எழுதப்பட்டிருப்பதே பல சமயங்களில் தடையாகிறது. அதே செய்தியைக் குரலாகவும் தந்துவிட்டால் தடை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. இந்த எளிய உண்மை, இன்று ஒரு பெருந்தொழிலில் எவ்வாறு பயன்படுகிறது என்பதே இந்தப் பேச்சின் பொருள்.

கலூரிலிருந்து கிழக்கே சில கல் தொலைவில், காக்கநாட்டில், 2004ஆம் ஆண்டில் இன்ஃபோபார்க் என்னும் மென்பொருள் வளாகம் தொடங்கப்பட்டது. அங்கும், பெங்களூர், ஐதராபாத், புனே முதலிய நகரங்களிலும் கணிப்பொறி நிரல் எழுதும் தொழிலில் தமிழர் பலர் ஈடுபட்டிருக்கின்றனர். இத்தொழிலைப் பார்வையற்ற ஒருவர் செய்ய இயலுமா என்று கேட்டால், "நாள் முழுவதும் திரையைப் பார்த்துச் செய்யும் வேலை ஆயிற்றே!" என்றுதான் பலரும் விடையிறுப்பர். உண்மை இதற்கு மாறானது. உலகெங்கும் பார்வையற்றோர் இத்தொழிலைத் திறம்படச் செய்து வருகின்றனர்.

காரணம் எளிது. நிரல் என்பது ஓவியமன்று. எழுத்தால் ஆகிய கட்டளைத் தொகுதி. "இந்த நிபந்தனை உண்மையானால் இதைச் செய், அன்றேல் அதைச் செய், பத்து முறை திரும்பச் செய்" என்பன போன்ற வாக்கியங்களே அதில் இருக்கின்றன. சொல்லால் ஆகிய எதனையும் செவியால் அறியலாம், விசைப்பலகையால் எழுதலாம். ஆகவே நிரலின் இயல்பில் தடை ஏதும் இல்லை. அதை எழுதுவதற்கென்று செய்யப்பட்ட கருவிகளே கண்ணை மட்டும் கருதி அமைக்கப்பட்டுவிட்டன. தடை அங்கேதான் தோன்றுகிறது.

பார்வையற்றவர் கணிப்பொறியை இயக்குவதற்கு முதல் துணை, ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பு மென்பொருளாகும். திரையில் உள்ள எழுத்தை அது பேச்சாக மாற்றிச் சொல்லுகிறது. 1986ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாச்சர் என்பவர் இத்தகைய மென்பொருள் ஒன்றை உருவாக்கினார். விபத்தொன்றில் பார்வையிழந்த டெட் ஹென்டர் என்னும் அமெரிக்கரின் நிறுவனம், 1989இல் ஜாஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அந்நாளையக் கணிப்பொறித் திரையில் எழுத்துக்களே நிறைந்திருந்தன. ஆதலால் அவற்றைப் படித்துச் சொல்லுவது ஒப்பீட்டளவில் எளிதாயிருந்தது.

பின்னர் விண்டோஸ் போன்ற படவழி முறைகள் பரவின. பார்வையுள்ளோருக்கு வசதியாயிருந்த அந்த மாற்றம், பார்வையற்றோருக்குப் பெரும் இடையூறாயிற்று. நேற்றுவரை பேசிய திரை திடீரென்று மௌனமாயிற்று. படத்தை எவ்வாறு படித்துச் சொல்லுவது? இதற்குக் காணப்பட்ட தீர்வு வருமாறு: திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானும் பட்டியலும் தன் பெயர் என்ன, தன் வேலை என்ன, தன் நிலை என்ன என்ற மூன்று செய்திகளைத் திரைவாசிப்பானுக்கு உள்வழியாகத் தெரிவித்தல் வேண்டும். "சேமி, பொத்தான், இப்போது அழுத்த இயலாது" என்று அது தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். மென்பொருளை உருவாக்குபவர் இந்த அறிமுகத்தை எழுதி வைத்தால் கருவி பேசும், மறந்தால் ஊமையாகும்.

விலையும் நெடுங்காலம் ஒரு தடையாயிருந்தது. நல்ல திரைவாசிப்பான்கள், நம் நாட்டு நடுத்தரக் குடும்பத்திற்கு எட்டாத விலையில் விற்றன. 2006ஆம் ஆண்டில் மைக்கேல் கர்ரன் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர் என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். விரைவில் ஜேம்ஸ் டே என்பவரும் அவருடன் சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். அம்மென்பொருளின் பெரும்பகுதி பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. பார்வையற்றோர் நிரலெழுத இயலுமா என்ற ஐயத்திற்கு இதைவிடச் சிறந்த விடை வேண்டுவதில்லை. லினக்ஸ் கணிப்பொறிகளில் ஆர்க்கா என்னும் திரைவாசிப்பான் விலையின்றியே கிடைக்கிறது. கேரளப் பள்ளிகளில், ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி 2017 முதல் கைட் என்னும் அமைப்பின்கீழ் நடைபெறும் கல்வித் திட்டம், லினக்ஸ் வழிப்பட்ட கட்டற்ற மென்பொருளையே தழுவியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

திரைவாசிப்பான் கிடைத்துவிட்டால் நிரலாளரின் தொல்லை முழுவதும் தீர்ந்துவிடுமா? தீராது. கதைப் புத்தகத்தை வரி வரியாகக் கேட்டு இன்புறலாம். நிரலை அவ்வாறு கேட்டால் போதாது. பார்வையுள்ள நிரலாளர் திரையை ஒரு நொடி நோக்குகிறார் என்று கொள்வோம். அந்த நொடியில் அவர் நான்கு செய்திகளைப் பெற்றுவிடுகிறார். எந்த வரி எதற்குள் அடங்கியது என்பதை வரிகளின் உள்தள்ளலைக் கொண்டு அறிகிறார். எது கட்டளை, எது குறிப்புரை என்பதை எழுத்தின் நிறத்தால் அறிகிறார். எங்கே பிழை என்பதைச் சிவப்புக் கோட்டால் அறிகிறார். முழு நிரலில் தாம் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பதையும் பக்கவாட்டில் உள்ள அடையாளங்களால் அறிகிறார். இந்த நான்கில் ஒன்றும் எழுத்தில் இல்லை; எல்லாம் தோற்றத்தில் இருக்கின்றன. எழுத்தை மட்டும் படிக்கும் குரல் இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறது.

மேலும், கண் பரப்பை நோக்குவது. செவியோ காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பது. நூறு வரிகளைக் கண் ஒரு கணத்தில் மேய்ந்துவிடும். செவி அந்நூறு வரிகளையும் கேட்டே தீரவேண்டும். பழகிய பார்வையற்றோர் நிமிடத்திற்கு 400 சொற்களுக்கு மேற்பட்ட விரைவில் கேட்டுப் புரிந்துகொள்ளுகின்றனர். நம் காதுக்கு அது வெறும் இரைச்சலாகத் தோன்றும். அத்துணை விரைவில் கேட்டாலும், "நான்கு இடைவெளி, எட்டு இடைவெளி" என்று ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்தால், கேட்பவரின் நினைவு அதிலேயே செலவாகிவிடும். பொருளைப் பற்றிச் சிந்திக்க மிச்சம் இராது.

இங்கேதான் பேச்சல்லாத ஒலியின் பயன் விளங்குகிறது. சந்தையில் மண்பானை வாங்குபவர் என்ன செய்கிறார்? விரலால் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். விரிசல் இருந்தால் ஒலியிலேயே தெரிந்துவிடும். "இப்பானையில் இன்ன இடத்தில் விரிசல் உண்டு" என்று யாரும் வாக்கியம் சொல்ல வேண்டுவதில்லை. கச்சேரியில் ஒரு சுரம் பிசகினால், இலக்கணம் அறியாத செவியும் உடனே அதை உணருகிறது. பல சொற்கள் சொல்ல வேண்டியதை ஒரு சிற்றொலி சொல்லிவிடுகிறது.

இந்த உண்மையைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்த முன்னோடிகளுள் தலைசிறந்தவர், புனேயில் 1965ஆம் ஆண்டில் பிறந்த டி. வி. ராமன் ஆவார். குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோயால் 14ஆம் வயதில் அவர் பார்வையை இழந்தார். புனேயிலும் பின்னர்ப் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் பயின்று, அமெரிக்காவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் டாக்டர் பட்டம் பெற்றார். கணித நூல்களைப் பேசிக் காட்டும் ஆஸ்டர் என்னும் முறையே அவருடைய ஆய்வின் பொருள். அடுக்குக்குறி, பின்னம், வர்க்கமூலம் ஆகியவற்றை வெறுஞ்சொற்களால் நீட்டி முழக்காமல், குரலின் ஏற்ற இறக்கத்தாலும் ஒலியின் மாற்றத்தாலும் அது உணர்த்தியது. தம்முடைய வழிகாட்டி நாயின் பெயரையே அவர் அதற்குச் சூட்டினார்.

1995ஆம் ஆண்டில் ராமன் ஈமாக்ஸ்பீக் என்னும் மென்பொருளை வெளியிட்டார். இது வழக்கமான திரைவாசிப்பானிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். கர்சர் பதினைந்தாம் தேதியின்மேல் நின்றால், திரைவாசிப்பான் "பதினைந்து" என்று மட்டும் சொல்லும். திரையில் அந்த இடத்தில் இருப்பது அவ்வெண்தானே! என்ன கிழமை, எந்த மாதம் என்பது மேலே வேறிடத்தில் எழுதியிருக்கிறது. ஈமாக்ஸ்பீக் திரையைப் பார்ப்பதில்லை. நாட்காட்டியின் உள்ளே இருக்கும் செய்தியையே கேட்டு, கிழமை, மாதம், ஆண்டு ஆகிய அனைத்தையும் சேர்த்துச் சொல்லுகிறது. நிரல் எழுதும்போதோ, கட்டளைச் சொற்களை ஒரு குரலிலும் குறிப்புரைகளை மற்றொரு குரலிலும் படிக்கிறது. கண்ணுக்கு நிறம் செய்யும் வேலையைச் செவிக்குக் குரல் செய்கிறது. கோப்பைத் திறத்தல், மூடுதல், அழித்தல் முதலிய செயல்களுக்குத் தனித்தனிச் சிற்றொலிகளும் அதில் உண்டு.

உள்தள்ளல் என்ற சிக்கலுக்கும் ஒலியே வழி காட்டிற்று. பைத்தான் மொழியில், ஒரு வரி எத்தனை இடைவெளி தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் மாறும். ஓரிடைவெளி கூடினாலும் நிரல் ஓடாமல் நின்றுபோகலாம். என்.வி.டி.ஏ. மென்பொருளில், உள்தள்ளலைப் பேச்சாகவோ சுரமாகவோ கேட்கும் வசதி இருக்கிறது. சுரத்தைத் தேர்ந்துகொண்டால், வரி உள்ளே செல்லச் செல்ல ஒலியின் சுருதி படிப்படியாக ஏறுகிறது. வெளியே வர வர இறங்குகிறது. ஆரோகணமும் அவரோகணமும் கேட்டுப் பழகிய நமக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. நிரலின் வடிவத்தை ஒருவர் பாடிக்காட்டுவது போல அது அமைகிறது.

நம் நாட்டிலேயே இத்துறையில் நடந்த ஒரு முயற்சியை விரிவாகச் சொல்லுவது பொருத்தமாகும். பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் மனோகர் சுவாமிநாதன், வெங்கடேஷ் பொட்லூரி ஆகியோரை உள்ளிட்ட குழுவினர், 2017ஆம் ஆண்டில் கோட்டாக் என்னும் துணைக்கருவியை வெளியிட்டனர். அதனைப் பற்றிய ஆய்வுரை 2018இல் வெளிவந்தது. பொட்லூரி பார்வையற்ற நிரலாளர். தம் தொழிலில் நாள்தோறும் கண்ட இடர்களை நேரே அறிந்தவர். விஷுவல் ஸ்டூடியோ என்னும் பெருங்கருவியுடன் கோட்டாக் இணைந்து இயங்குமாறு செய்யப்பட்டது.

பார்வையற்ற நிரலாளர் படும் இடர்களை அக்குழுவினர் நான்காக வகுத்தனர். கருவியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று கண்டுபிடிப்பது முதலாவது. நிரலின் அமைப்பை ஒரே பார்வையில் அறிவதற்கு ஈடான வழி இரண்டாவது. வேண்டிய இடத்திற்கு விரைந்து செல்லுதல் மூன்றாவது. பிழையும் மாற்றமும் நேரும்போதே எச்சரிக்கை பெறுதல் நான்காவது. நோயை இன்னதென்று பிரித்தறிந்த பின்னரே மருந்து பயன்படும் அன்றோ? அவர்கள் அவ்வாறே செய்தனர்.

நிரலில் உள்ள செயற்கூறுகளின் பெயர்களை மட்டும் தொகுத்து ஒரு பட்டியலாகத் தரும் வசதியைக் கோட்டாக் அளித்தது. நூலின் பொருளடக்கத்தைப் போன்றது இது. வேண்டியதைத் தேர்ந்தால் கர்சர் அங்கே சென்று நிற்கும். "இப்போது நான் எங்கே இருக்கிறேன்?" என்று ஒரு விசையால் வினவினால், இன்ன செயற்கூற்றினுள், இன்ன நிபந்தனைக்குள் என்று விடை வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது பிழை நேர்ந்தால் ஓர் ஒலி எழும். மண்பானையைத் தட்டிப் பார்த்ததைப் போலவே, விரிசல் விழுந்த கணத்திலேயே செவிக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது. நூறு வரிகள் எழுதி முடித்து, ஓட்டிப் பார்த்து, தொண்ணூறு வரிகள் பின்னே சென்று பிழையைத் தேட வேண்டியதில்லை.

இவற்றினும் சிறப்பானது, டாக்பாயின்ட் எனப்படும் பேசும் நிறுத்தமாகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவருடைய பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கூட்டுவதற்கு ஒரு நிரல் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டுத்தொகை ஒவ்வொரு முறையும் குறைவாகவே வருகிறது. பார்வையுள்ளவர் நிரலை இடையில் நிறுத்தி, பல சாளரங்களில் மாறிகளின் மதிப்பைப் பார்த்துக் காரணத்தைக் காண்பார். பார்வையற்றவர் அந்தச் சாளரங்களுக்கிடையே விசைப்பலகையால் அலைந்து திரும்புவதற்குள், எதைத் தேடினோம் என்பதே மறந்துபோகும். பேசும் நிறுத்தத்தைக் கூட்டல் வரியில் வைத்துவிட்டால், நிரல் அவ்வரியைக் கடக்கும்போதெல்லாம் மாதத்தின் எண்ணை அது வாய்விட்டுச் சொல்லும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தொடங்கிய குரல் "பதினொன்று" என்றதோடு ஓய்ந்துவிட்டால், பன்னிரண்டாம் மாதம் விடுபட்டது என்பது உடனே தெளிவாகும். மதிப்பைச் சொல்லாமல் சுரம் மட்டும் எழுப்புமாறும், நாமே எழுதிய சொற்றொடரைச் சொல்லுமாறும் அதை அமைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய எண்ணங்கள் இன்று பரவலாகி வருகின்றன. பலரும் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் கருவியில், பிழையுள்ள வரியையோ நிறுத்தம் வைத்த வரியையோ கர்சர் அடையும்போது தனித்தனி ஒலி எழும் வசதி, அண்மை ஆண்டுகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது. தனியே வாங்கிப் பொருத்த வேண்டிய துணைக்கருவியாக இல்லாமல், கருவியின் உடன்பிறந்த உறுப்பாகவே அது வருவது பெரும் முன்னேற்றம். பார்வையுள்ள நிரலாளரும் அவ்வொலிகளைக் கேட்டுப் பயனடையலாம்.

ஆயினும் ஒலியைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதும் என்று எண்ணுவது தவறு. ஒலி குறுகியதாயிருக்க வேண்டும். பேச்சை மறைக்கக் கூடாது. ஒன்றோடொன்று மயங்காதவாறு ஒலிகள் வேறுபட்டிருக்க வேண்டும். வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளும் உரிமை கேட்பவரிடம் இருக்க வேண்டும். ஓயாமல் மணி அடிக்கும் வீட்டில் எந்த மணியையும் ஒருவரும் பொருட்படுத்த மாட்டார்கள். இவையன்றி, ஒலியால் ஆகாதனவும் உண்டு. கரும்பலகையில் வரையும் படத்தை ஒலி முழுதும் தந்துவிடாது. உடன் பணிபுரிவோர் அதை வாயால் விளக்குவதே வழி. செவிப்புலனும் இல்லாதோருக்குத் தொட்டுணரும் பிரெயில் கருவியே துணையாகும்.

இனி, இதனால் ஒருவருடைய வாழ்வில் விளைவது என்ன என்று பார்ப்போம். பார்வையற்ற மாணவி ஒருத்தி நிரலெழுதத் திறம்படக் கற்றிருக்கிறாள் என்று கொள்வோம். வேலைக்குரிய தேர்வு இணையத்தின் வழி நடைபெறுகிறது. அந்தத் தேர்வுப் பக்கத்தில் பொத்தான்களுக்குப் பெயர் எழுதி வைக்கப்படவில்லை. வினா அவளுக்குத் தெரியும், விடையும் தெரியும், விடையை அனுப்பும் பொத்தான் எங்கே என்பதுதான் தெரியவில்லை. மணி ஓடிவிடுகிறது. "தேர்ச்சி பெறவில்லை" என்று பதிவாகிறது. தோற்றது அவளுடைய அறிவன்று. தேர்வுக் கருவியின் ஊமைத்தனம். வேலை கிடைத்தபின்னும், ஒரு நாள் கருவி புதுப்பிக்கப்பட்டு நேற்றுப் பேசிய பகுதி இன்று பேசாமற் போகலாம். உடன் இருப்போர் அதைச் சிறு குறையென்று எண்ணுவர். அவளுக்கோ அன்றைய வேலை முழுவதும் நின்றுபோகும்.

சட்டம் இவர்கள் பக்கம் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளர்க்கு 4 சதவிகித இடங்களை ஒதுக்குகிறது. அதில் 1 சதவிகிதம் பார்வையற்றோர்க்கும் குறைபார்வையுடையோர்க்கும் உரியது. நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையைச் சார்ந்ததே என்று தீர்ப்பளித்தது. சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே இருக்கும் மேசையும் கருவியும் பேசினால்தான் வேலை நடக்கும்.

வேற்று மாநிலத் தமிழர் இல்லங்களுக்குத் தனியே சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு. கலூரில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், வெளியில் மலையாளமும், கணிப்பொறியில் ஆங்கிலமும் கேட்கிறது. ஈஸ்பீக் என்னும் கட்டற்ற பேச்சொலி மென்பொருள் இம்மூன்று மொழிகளையும் பேசும். என்.வி.டி.ஏ.வுடன் அது விலையின்றி வருகிறது. அதன் குரல் இயந்திரக் குரலாகத் தோன்றினும், விரைந்து கேட்பதற்கு அதுவே ஏற்றது என்று பலர் விரும்புகின்றனர். ஆகவே பார்வையற்ற பிள்ளையுள்ள பெற்றோர் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. சாதாரணக் கணிப்பொறி ஒன்றும் நல்ல காதொலிக் கருவி ஒன்றும் போதும். முதலில் விசைப்பலகை விரல்களுக்குப் பழகட்டும். பிறகு குரலின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. அதன்பின் பைத்தான் போன்ற எளிய மொழியில் ஐந்து வரி நிரல் எழுதச் செய்க. தான் எழுதிய நிரல் தன் பெயரைத் தானே சொல்லக் கேட்கும் பிள்ளையின் மகிழ்ச்சியே அடுத்த பாடத்திற்கு ஆசிரியனாகும்.

நம்மில் மென்பொருள் தொழிலில் இருப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. தாம் செய்யும் கருவியைத் திரையை அணைத்துவிட்டு, விசைப்பலகையாலும் செவியாலும் மட்டும் ஒருமுறை இயக்கிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் அது ஊமையாகிறது என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஒரு பெயரை எழுதி வைக்க அதிக நேரம் ஆகாது. பின்னர், பார்வையற்றோர் ஒருவரை அழைத்து, அதைப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி, அவர் கூறும் குறைகளைக் களைய வேண்டும்.

கலூரில் இறங்க வேண்டிய புதியவருக்குக் கண்டக்டர் ஒரு முறை ஊர்ப் பெயரைக் கூவினால் போதும். மற்ற வழியை அவரே நடந்து சென்றுவிடுவார். பார்வையற்ற நிரலாளர் நம்மிடம் கேட்பதும் அவ்வளவே.